யாழ்ப்பாணக் கரையோரம் மூன்று நாளில்: வாகனத்தில் சுற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வரைபடத்தைப் பார்த்ததும் கரையைச் சுற்றி ஒரு வட்டம் கீறிவிடலாம் என்றுதான் பலருக்கும் தோன்றும். காலையில் கோட்டை, மத்தியானம் கீரிமலை, பின்னேரம் பருத்தித்துறை, இரவுக்குத் திரும்பவும் பட்டணம். தூரத்தை மட்டும் பார்த்தால் கணக்குச் சரியாகத்தான் வரும். நேரத்தைப் பார்த்தால் பிழைத்துவிடும். காரணம், இந்தக் கரை ஒரே வீதியால் கோர்க்கப்படவில்லை. தீவுப்பகுதிக்குப் போனால் போன வழியாலேயே திரும்ப வேண்டும். ஊர்காவற்றுறையில் நின்றால் எதிரே காரைநகர் கண்ணுக்குத் தெரியும், ஆனால் பாலம் இல்லை. வடக்கே காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் இடையில் கரையை ஒட்டிய வீதி முழுவதும் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படவில்லை. இவற்றோடு படகு நேரம், கோயில் நடை சாத்தும் நேரம், காற்று என்று மூன்று கடிகாரங்கள் தனித்தனியாக ஓடுகின்றன.

ஆகவே கரையை மூன்று கைகளாகப் பிரியுங்கள்: மேற்கே தீவுகள், வடக்கே காரைநகர் முதல் காங்கேசன்துறை வரை, கிழக்கே தொண்டைமானாறு முதல் வடமராட்சி கிழக்கு வரை. ஒரு கைக்கு ஒரு நாள். முதல் இரண்டு நாளும் பட்டணத்தில் தங்கலாம். மூன்றாம் நாள் பெட்டி படுக்கையோடு புறப்பட்டால் கிழக்குக் கரையால் இறங்கி ஏ-9 வீதியில் ஏறி, அப்படியே வவுனியா, கொழும்புப் பக்கம் போய்விடலாம். இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். கிழக்கை முதல் நாள் வைத்தால் ஆனையிறவிலிருந்து பட்டணத்துக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் வீணாகத் திரும்பி ஓட வேண்டி வரும்.

எப்போது போவது

பெப்ரவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை மிக நல்ல காலம். மழை ஓய்ந்து, கடல் படிந்து, பரவைக்கடலில் வலசை வந்த பறவைகளும் இன்னும் நிற்கும் காலம் அது. மே கடைசியில் சோளகம் எழும்பிவிடும். ஓகஸ்ட் தாண்டும்வரை தென்மேற்கிலிருந்து விடாமல் அடிக்கும் இந்தக் காற்றில் தீவுப் படகுகள் ஆடும், தாம்போதிகளில் (கடலுக்குக் குறுக்கே போட்ட வீதிகளில்) மோட்டார் சைக்கிள்காரர் ஒரு பக்கம் சாய்ந்துதான் ஓட வேண்டியிருக்கும். அந்த மாதங்களில் தீவுகளுக்குப் போவதென்றால் விடியற்காலைப் படகு. மத்தியானத்துக்குப் பின் காற்று வலுக்கும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடை மழை. நவம்பரில் வெள்ளம் வீதியை மூடுவது வழமை என்பதால் அப்போது இந்தப் பயணத்தைத் திட்டமிட வேண்டாம்.

திருவிழா நாட்களையும் பாருங்கள். ஓகஸ்ட் அளவில் வரும் நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கும். கோயிலைச் சுற்றிய வீதிகள் மூடப்படும், தங்க அறை கிடைப்பது கடினம். தைப்பொங்கல் அன்று வல்வெட்டித்துறைக் கரையில் பட்டத் திருவிழா. பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் அன்று அந்த வழியால் வாகனம் ஊடறுத்துப் போகலாம் என்று நினைக்காதீர்கள். ஆடி அமாவாசையில் கீரிமலையும் அப்படியே.

வாகனமும் ஆயத்தமும்

மூன்று நாளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 320 கிலோமீற்றர் ஓடும்: முதல் நாள் 90, இரண்டாம் நாள் 80, மூன்றாம் நாள் பட்டணம் திரும்பினால் 150. சிறிய கார் ஒன்று லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடினால் 27 லீற்றர் பெற்றோல் போதும். ஒவ்வொரு நாளும் பட்டணத்தில் நிரப்பிக்கொண்டே புறப்படுங்கள். தீவுகளிலும் வடமராட்சி கிழக்கிலும் பெற்றோல் செட் அரிது. காசும் அப்படித்தான்: யாழ்ப்பாணம், சுன்னாகம், நெல்லியடி, பருத்தித்துறை தவிர்ந்த இடங்களில் ஏரிஎம்மை நம்ப வேண்டாம்.

வாடகை வாகனம் எடுக்கும்போது மேலதிகச் சில்லைக் கையால் அமத்திப் பாருங்கள். பின்பெட்டியில் மாதக்கணக்காகக் கிடந்து காற்றுப் போன சில்லுத்தான் பெரும்பாலும் இருக்கும். ஜாக்கும் சில்லுச் சாவியும் உண்டா என்று பார்த்துவிட்டே கையொப்பம் இடுங்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு அந்த நாட்டு லைசென்ஸ் மட்டும் போதாது. இலங்கையில் ஓட்டுவதற்கான அனுமதியை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் விபத்து என்று வரும்போது காப்புறுதி கைவிட்டுவிடும்.

வீதியில் எதிர்பார்க்க வேண்டியவை: மாடுகள், நடுவீதியில் படுத்திருக்கும் நாய்கள், அறுவடைக் காலத்தில் தாரில் காயப் போட்ட நெல். காங்கேசன்துறைப் புகையிரதப் பாதையைக் கடக்கும் சிறு ஒழுங்கைகள் சிலவற்றில் கேற் இருக்காது. நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, காது கொடுத்துக் கேட்டுவிட்டே கடக்கவும்.

முதல் நாள்: கோட்டையும் தீவுகளும்

காலை 7 மணிக்கு முன், பட்டணத்தின் மேற்கு ஓரத்தில் உள்ள பண்ணை என்ற இடத்தைத் தாண்டிவிடுங்கள். கோட்டையைப் பின்னேரம் பார்க்கலாம், படகு காத்திராது. பண்ணைத் தாம்போதியால் மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை, பிறகு புங்குடுதீவு, அங்கிருந்து குறிகட்டுவான் இறங்குதுறை. 30 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம், நிற்காமல் ஓடினால் ஒரு மணி நேரம்.

ஆனால் வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையிலான நீண்ட தாம்போதியில் நிற்கத்தான் வேண்டும். இரு பக்கமும் முழங்கால், இடுப்பளவுத் தண்ணீர். அதில் வரிசை வரிசையாகத் தடிகள் நட்டு வலை கட்டியிருப்பது களங்கண்டி. கரைப்பக்கமிருந்து வரும் நீண்ட வலைவேலி மீனை மறித்துத் திசை திருப்பும். முனையில் சுருண்டு கிடக்கும் கூடு போன்ற பகுதிக்குள் நுழைந்த மீனுக்கு வெளியே வரும் வாய் தெரியாது. விடிகாலையில் மீனவர் இடுப்பளவு நீரில் நடந்துபோய்க் கூட்டிலிருந்து மீனை வாருவதை வீதியிலிருந்தே பார்க்கலாம். வாகனத்தை நிறுத்தும்போது தாரை விட்டு முழுதாக இறக்காதீர்கள். ஓரம் அரிக்கப்பட்ட இடங்களில் கல் சரியும். பஸ் வந்தால் விலக இடமுள்ள அகலமான பகுதியில் மட்டும் நிறுத்தவும்.

குறிகட்டுவானில் வாகனத்தைப் பூட்டிவிட்டு நயினாதீவுப் படகில் ஏறுங்கள். கால்மணி நேரம், கூடினால் இருபது நிமிடம். சனி, ஞாயிறு, போயா நாட்களில் தெற்கிலிருந்து பஸ்கணக்கில் யாத்திரிகர் வருவார்கள், வரிசை நீளும். செவ்வாய், புதன் போல ஒரு வேலைநாளைத் தெரிவு செய்தால் பாதி நேரம் மிச்சம். உயிர்காப்பு அங்கி தந்தால் போட்டுக்கொள்ளுங்கள், தராவிட்டால் கேளுங்கள். படகின் அடித்தட்டு புழுக்கமாக இருக்கும், தலைசுற்றல் உள்ளவர்கள் வாசலோரம் இருக்கவும். நாகபூஷணி அம்மன் கோயிலில் ஆண்கள் மேலாடை கழற்ற வேண்டும். அதே தீவில் நாகதீப விகாரைக்குப் போவதானால் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். எனவே ஒரு சால்வையும் வேட்டியும் பையில் இருந்தால் இரண்டுக்கும் உதவும். மத்தியானப் பூசைக்குப் பிறகு அமுதசுரபி மடத்தில் அன்னதானம் உண்டு.

நெடுந்தீவையும் அதே நாளில் சேர்க்கலாமா என்று பலர் கேட்பார்கள். வேண்டாம். அங்கே படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். காலையில் போனால் பின்னேரம்தான் திரும்பும் படகு. ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடு, பெருக்குமரம், பவளப்பாறைக் கல்லை அடுக்கிய மதில்கள், காட்டுக் குதிரைகள் எல்லாம் ஒரு முழு நாளுக்குரியவை. நாள் ஒன்று மேலதிகமாக இருந்தால் மட்டும் வையுங்கள். அதற்கும் வாகனம் குறிகட்டுவானிலேயே நிற்கும்.

திரும்பும்போது வேலணையிலிருந்து ஊர்காவற்றுறைக்குத் திரும்புங்கள். இறங்குதுறையில் நின்றால் நடுக்கடலில் மிதப்பது போல ஒரு சிறு கோட்டை தெரியும். அதுதான் கடற்கோட்டை. போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றியது, இப்போது கடற்படையின் பொறுப்பில். இறங்குதுறையிலிருந்து காரைநகருக்கு இயந்திரம் பூட்டிய பாதை (மிதவைப் படகு) ஓடும். அது பழுதாகி நிற்கும் நாட்களும் உண்டு. வரைபடச் செயலி அந்த வழியைக் காட்டினாலும் காரை அதில் ஏற்றும் திட்டத்தோடு போகாதீர்கள். சுற்றி வருவதென்றால் பட்டணத்துக்குத் திரும்பித்தான் காரைநகர் போகலாம்.

நாலரை மணிக்குக் கோட்டைக்கு வந்துவிட்டால் சரியாக இருக்கும். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டையை, ஒல்லாந்தர் ஐந்து முனைகளுடன் பெருப்பித்துக் கட்டினார்கள். 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. உள்ளே இருந்த ஒல்லாந்தத் தேவாலயம் 1990இல் நடந்த சண்டையில் அழிந்தது. மதில் கல்லை நெருங்கிப் பாருங்கள். தேன்கூடு மாதிரிச் சிறு சிறு கண்கள் தெரியும். அது கடலிலிருந்து வெட்டிய பவளப்பாறை. அந்தி வெயில் சாய்வாக விழும்போதுதான் அந்தக் கண்கள் நன்றாகத் தெரியும். பின்னேரத்தில் வரச் சொல்வது அதற்காகவும்தான்.

இரண்டாம் நாள்: காரைநகர், கீரிமலை, காங்கேசன்துறை

வட்டுக்கோட்டை வழியாகப் பொன்னாலை, அங்கிருந்து பொன்னாலைப் பாலத்தால் காரைநகர். கசூரினா கடற்கரை ஏறத்தாழ 25 கிலோமீற்றர். காலை 8 மணிக்கு முன் போனால் கூட்டம் இருக்காது. கடல் நெடுந்தூரத்துக்கு ஆழமில்லாமல் கிடப்பதால் குடும்பமாகக் குளிக்க இந்தக் குடாநாட்டிலேயே ஏற்ற இடம் இது. மூன்றாம் நாள் பார்க்கப்போகும் கிழக்குக் கடலை இதுபோல நினைத்துவிட வேண்டாம், அதைப் பிறகு சொல்கிறோம். ஈழத்துச் சிதம்பரம் எனப்படும் சிவன் கோயிலையும் கோவளம் வெளிச்சவீட்டையும் பார்த்துவிட்டு, பத்து மணிக்குப் பொன்னாலைக்குத் திரும்புங்கள்.

பொன்னாலையிலிருந்து கிழக்கே திருவடிநிலை, சம்பில்துறை, மாதகல், சேந்தாங்குளம் என்று கரையை ஒட்டியே வீதி போகிறது. மூன்று நாளிலும் கடலுக்கு மிக நெருக்கமாக ஓடும் பகுதிகளில் இது ஒன்று. சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோடு வந்து இறங்கிய ஜம்புகோளப்பட்டினம் என மரபு சொல்வது சம்பில்துறையைத்தான்.

கீரிமலையில் அவசரப்படாதீர்கள். கடலலை அடிக்கும் இடத்திலிருந்து சில அடி தள்ளி, சுவருக்கு இந்தப் பக்கம் நன்னீர்க் கேணி. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. நிலத்தின் அடியில் முழுக்கச் சுண்ணாம்புக்கல். பெய்யும் மழை அந்தக் கல்லின் வெடிப்புகளால் இறங்கி, கீழே ஊறிக் கிடக்கும் உப்புநீரின் மேல் ஒரு தட்டாக மிதக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது என்பதால் உடனே கலந்துவிடுவதில்லை. அந்தத் தட்டு கரையோரம் வந்து முடியும் இடத்தில் ஊற்றாக வெளியேறுகிறது. கீரிமலைக் கேணி அப்படிப்பட்ட ஊற்று. நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீருமாக இருப்பதும் இதே காரணத்தால்தான். கிணறுகளில் அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும் என்று ஊர்ப்பெரியவர்கள் பயப்படுவதற்கும் அதுவே காரணம். இந்தத் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தால்தான் குடாநாட்டுத் தோட்டங்கள் எதில் தங்கி நிற்கின்றன என்பது விளங்கும்.

கேணிப் படிகள் பாசி படிந்து வழுக்கும். கைப்பிடியைப் பிடித்தே இறங்கவும். சவர்க்காரமும் ஷாம்பூவும் கேணிக்குள் கொண்டுபோக வேண்டாம். பக்கத்திலேயே, இலங்கையின் பழம்பெரும் ஐந்து சிவன் கோயில்களான பஞ்ச ஈச்சரங்களில் ஒன்றான நகுலேஸ்வரம். பொதுவாகக் கோயில்கள் மத்தியானப் பூசைக்குப் பின் நடை சாத்தி, நாலு மணி அளவில்தான் திறக்கும். பன்னிரண்டு மணிக்கு முன் கோயில், பிறகு கேணி என்று வைத்துக்கொண்டால் இரண்டும் தப்பாது.

காங்கேசன்துறை அங்கிருந்து சில கிலோமீற்றர்தான். மூடிக் கிடக்கும் சீமெந்து ஆலைக்கு மூலப்பொருளானதும் கீரிமலையில் பார்த்த அதே சுண்ணாம்புக்கல். துறைமுகத்தையும் படை முகாம்களையும் ஒட்டிப் படம் எடுக்காதீர்கள். வலிகாமம் வடக்கில் விடுவிக்கப்பட்ட காணிகளில் பற்றைக்குள் மூடாத பாழ் கிணறுகள் உண்டு, வீதியை விட்டு உள்ளே நடக்கக்கூடாது. பலாலிப் பக்க வீதிகளில் சில பகலில் மட்டும், நிறுத்தாமல் போகும் நிபந்தனையோடு திறக்கப்பட்டுள்ளன. நிபந்தனை மாறக்கூடியது. செயலியை நம்பாமல் தெல்லிப்பழையில் ஓட்டோக்காரர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். காங்கேசன்துறை வீதியால் பட்டணத்துக்கு 20 கிலோமீற்றர் கூட இல்லை.

மூன்றாம் நாள்: தொண்டைமானாறு முதல் கிழக்குக் கரை வரை

இந்த நாள்தான் நீளமானது, அழகானதும் கூட. ஐந்தரைக்குப் புறப்படுங்கள். அச்சுவேலி வழியாகத் தொண்டைமானாறு, செல்வச்சந்நிதி. பருத்தித்துறை வீதியால் வருபவர்கள் வல்லை வெளியைக் கடப்பார்கள். இரு பக்கமும் மரமில்லாத வெட்டை, குறுக்குக் காற்று சட்டென்று அடிக்கும். மோட்டார் சைக்கிளில் வருபவர்கள் வேகத்தை 40க்குக் கீழே இறக்கவும்.

வல்வெட்டித்துறை கப்பலோட்டிகளின் ஊர். இங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போனது. இங்கிருந்து பருத்தித்துறை வரை வீதிக்கும் கடலுக்கும் இடையில் பல இடங்களில் ஒரு சுவர்தான் தூரம். கிழக்கு நோக்கி ஓடுவதால் காலை வெயில் கண்ணில் அடிக்கும். முன் கண்ணாடியில் உப்புப் படலம் இருந்தால் ஒன்றுமே தெரியாது. புறப்படுமுன் தண்ணீர் ஊற்றித் துடைத்துவிடுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல்தான் விழும்.

பருத்தித்துறையில் மூன்று வேலை: இலங்கையின் வடமுனையான சக்கோட்டைக்குப் போய் வருவது, வீதியின் மேலேயே கல்லால் கூரை போட்டுக் கட்டிய தெருமூடி மடத்தைப் பார்ப்பது, பருத்தித்துறை வடை வாங்குவது. தட்டையாக மொறுமொறுப்பாக இருக்கும் இந்த வடை நாட்கணக்கில் கெடாது, பயணத்துக்குக் கட்டுச்சோறு போல உதவும். மத்தியானச் சாப்பாட்டையும் இங்கேயே பொதி கட்டிக்கொள்ளுங்கள், பெற்றோலும் நிரப்புங்கள். இதன் பிறகு ஏ-9 வரை கடைகள் குறைவு. வெள்ளிக்கிழமை என்றால் பல கடைகளில் மரக்கறிச் சாப்பாடு மட்டும்தான்.

வல்லிபுர ஆழ்வார் கோயில் மணல்மேடுகளுக்கு நடுவே இருக்கிறது. அனுராதபுரத்து வசப மன்னன் காலத்துப் பொன்னேடு 1936இல் கிடைத்தது இந்த வல்லிபுரத்தில்தான். அடுத்தது மணற்காடு. காற்றுக் குவித்த வெண்மணல் மேடுகள், சவுக்குத் தோப்பு, மணலுக்குள் புதையுண்டு சுவர்கள் மட்டும் மிஞ்சிய பழைய அந்தோனியார் தேவாலயம். 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரை முழுவதையும் வாரிக்கொண்டு போனது. வழியில் காணும் நினைவிடங்களில் மரியாதையாக நில்லுங்கள்.

மணற்காட்டில்தான் கார்கள் புதையும். தார் முடியும் இடத்தில் நிறுத்திவிட்டு நடப்பதே நல்லது. புதைந்துவிட்டால் அக்சிலேற்றரை அமத்தாதீர்கள். சில்லு சுழலச் சுழல வாகனத்தின் வயிறு மணலில் இருக்கும், பிறகு தூக்கித்தான் எடுக்க வேண்டும். எல்லோரையும் இறக்கிவிட்டு, உந்தும் இரண்டு சில்லுகளிலும் காற்றை 18 முதல் 20 பிஎஸ்ஐ வரை இறக்குங்கள். ரயர் அகன்று மணலைப் பிடிக்கும். சில்லுக்கு முன்னும் பின்னும் கையால் மணலை வழித்து, பனை மட்டையோ காய்ந்த ஓலையோ சில்லின் கீழே ஆழமாகச் செருகுங்கள். வந்த தடத்திலேயே பின்னுக்கு எடுப்பது முன்னே போவதைவிட இலகு. தள்ளுபவர்கள் சில்லுக்கு நேரே நிற்கக்கூடாது, மட்டை பறந்து அடிக்கும். வெளியே வந்ததும் மெதுவாக ஓடி, முதல் காணும் ரயர்க் கடையில் காற்றை நிரப்பவும். குறைந்த காற்றோடு வேகமாக ஓடினால் ரயர் சூடேறி வெடிக்கும்.

குடத்தனை, அம்பன், நாகர்கோவில், மருதங்கேணி எனக் கிழக்குக் கரை நீளும். கரைவலை இழுப்பதை இங்கே பார்க்கலாம். ஆனால் கடலில் குளிக்க இறங்க வேண்டாம். கசூரினாவைப் போலத் தட்டையான கரையில்லை இது. சில அடியிலேயே தரை சரியும், நீரோட்டமும் இழுக்கும். நாகர்கோவில், முகமாலைப் பக்கம் போர்க்காலத்தில் கண்ணிவெடி புதைக்கப்பட்ட நிலங்கள். மண்டையோட்டுச் சின்னம் உள்ள சிவப்புப் பலகை, நாடா எதைக் கண்டாலும் தாரை விட்டு இறங்காதீர்கள். சிறுநீர் கழிக்கக்கூடப் பற்றைப் பக்கம் ஒதுங்காமல் ஊர்மனை உள்ள இடம் வரை பொறுத்திருங்கள்.

மருதங்கேணியிலிருந்து மேற்கே திரும்பினால் சோரன்பற்று ஊடாகப் பளைக்குக் கிட்ட ஏ-9. பிற்பகல் மூன்று மணிக்கு இந்தத் திருப்பத்தில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஆனையிறவில் உப்பளத்தையும் பரவைக்கடலையும் இருட்டில்தான் கடப்பீர்கள். மணற்காட்டில் நேரம் போய்விட்டால் நாகர்கோவிலுக்கு அப்பால் போகாமல் கொடிகாமம் பக்கம் திரும்பி ஏ-9ஐப் பிடிப்பது புத்தி.

திரும்பிய பிறகு

தங்குமிடத்துக்குப் போனதும், பிந்தினால் மறுநாளே, வாகனத்தின் அடிப்பாகத்தை நன்னீரால் கழுவுங்கள். தாம்போதியில் தெறித்த கடல்நீரும் ரயர் அள்ளி எறிந்த மணலும் மட்காட்டின் உள்மடிப்பு, பிரேக் குழாய்கள், கதவின் அடி விளிம்பு ஆகிய இடங்களில்தான் தங்கும். மேலே மட்டும் கழுவினால் அவை அப்படியே இருந்து துருப்பிடிக்கத் தொடங்கும். கழுவிய கையோடு பிரேக்கை நாலைந்து முறை மெதுவாக அமத்தி ஓட்டி உலர்த்திவிட்டு நிறுத்தவும். வாடகை வாகனம் என்றால் கழுவிய பிறகு நாலு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, உரிமையாளர் முன்னிலையில் மேலதிகச் சில்லையும் காட்டி ஒப்படையுங்கள்.